2.74க்குப் பிறகும் என் கோப்பில் பக்கங்கள் உள்ளன

மதிப்பிற்குரிய கலாநிதிப் பட்ட அனுமதிக் குழுவினருக்கு,

வணக்கம். குறைந்தபட்சத் தரப்புள்ளிச் சராசரி இல்லை என்ற ஒற்றை வரியுடன் எனது விண்ணப்பம் கடந்த வாரம் திரும்பி வந்தது. நீங்கள் வகுத்த எல்லை 3.00, எனது இளமாணிச் சராசரி 2.74. அந்தக் கணக்கில் எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. கோப்பின் மிகுதிப் பக்கங்களை யாரேனும் புரட்டினீர்களா என்று மட்டும் அறிய விரும்புகிறேன்.

அந்த 2.74 எப்படி வந்திருக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. வவுனியாவில் உயர்தரம் வரை தமிழில் இரசாயனவியல் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்த நான், முதலாம் ஆண்டில் ஆங்கில விரிவுரைகளைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, இரவில் வெள்ளவத்தை அறையில் அகராதியுடன் அமர்ந்து அவற்றுக்குப் பொருள் தேடினேன். மூன்று பாடங்களில் சித்தியடையவில்லை. மறு ஆண்டு மீளத் தோற்றியபோது பகுப்பாய்வு இரசாயனவியலில் 81 புள்ளிகள் பெற்றதாக விரிவுரையாளரே சொன்னார். ஆயினும் மீளத் தோற்றுபவருக்கு ‘சி’ தரத்துக்கு மேல் இல்லை என்ற விதிப்படி, அந்த 81 என் பெறுபேற்றுத் தாளில் இன்றுவரை ‘சி’ தரத்துக்குரிய 2.00 தரப்புள்ளியாகவே நிற்கிறது.

அதன்பின் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கிணறுகள் 64இல் நீர் எடுத்து, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற புளோரைட்டு எல்லையுடன் ஒப்பிட்டு, ஆய்வுடன் கூடிய முதுமாணிப் பட்டம் பெற்றேன். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம், அத்தகைய முதுமாணி 10ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். பன்னிரண்டாம் படிக்கு வருபவளின் பத்தாம் படியைப் பாராமல், ஆறாம் படியில் ஏன் தடுக்கினாய் என்று கேட்கிறீர்கள். இரண்டு தசம எண்களை ஒப்பிடப் பேராசிரியர்கள் ஒன்றுகூட வேண்டியதில்லை, அலுவலகத்துக் கல்குலேட்டரே போதும். பிறகு, ஆய்வாளர்கள் வெளிநாடு போய்விடுகிறார்கள் என்று மேடைதோறும் கவலைப்படலாம்.

பொறுத்தருள வேண்டும், மடல் திசைமாறிவிட்டது. இடங்கள் சில, விண்ணப்பங்கள் பல என்பதை அறிவேன். என்னைத் தெரிவு செய்யுமாறு கேட்கவில்லை. எல்லைக்குக் கீழே நின்றாலும், அதன்பின் ஆய்வுப் பட்டம் பெற்றவர்களின் கோப்பை முழுமையாக வாசியுங்கள். ஐயமிருப்பின் நேர்முகத்துக்கு அழைத்துக் கேளுங்கள். நாள் ஒன்றைக் குறித்துத் தந்தால், 64 கிணறுகளின் குறிப்பேடுகளுடனும் வருவேன்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு விண்ணப்பதாரி