கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்களா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் வணிகப் பக்கத்தில், பெரிய கொம்பனிகள் வேறு கொம்பனிகளை விலைக்கு வாங்குவது பற்றிய கட்டுரையில், ‘இவ்வளவு பெரிய கொம்பனிகள் கணக்குப் பார்க்காமலா வாங்கும்?’ என்று ஒரு வரி. நெடுங்கால வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி என்னை வருத்திவிட்டது.

தங்களுக்குத் தெரியாததல்ல. கணினி செய்யும் எச்.பி. நிறுவனம் 2011இல் ஓட்டோனமி என்ற மென்பொருள் நிறுவனத்தை ஏறத்தாழ 11 பில்லியன் டொலருக்கு வாங்கியது. மறு வருடமே 8.8 பில்லியனை நட்டக் கணக்கில் எழுதியது. கூகுள் 12.5 பில்லியனுக்கு வாங்கிய மோட்டரோலா கைபேசி நிறுவனத்தை 2014இல் மூன்று பில்லியனுக்கும் குறைவாக லெனோவோ என்ற சீனக் கணினி நிறுவனத்திடம் தள்ளிவிட்டது. காப்புரிமைகளில் பெரும்பங்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நொக்கியா எனக்குக் கிட்டத்துக் கதை. திருகோணமலையில் நான் கைபேசி திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில் மேசை நிறைய நொக்கியா 1100 கைபேசிகள் கிடக்கும். வீங்கிப்போன பற்றரியைக் கழற்றிவிட்டு வேறு பிஎல்-5சி ஒன்றைப் போட்டால் போதும், பழையபடி வேலை செய்யும். விடியமுன் கடலுக்குப் போகிறவர்கள் அதன் டோர்ச் வெளிச்சத்தில்தான் வலை பார்த்தார்கள். நொக்கியாவின் கைபேசிப் பிரிவை மைக்ரோசொஃப்ட் 2014இல் ஏழு பில்லியனுக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2015இல் 7.6 பில்லியனை நட்டக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தது. இதுவா கணக்கு?

2011இல் 8.5 பில்லியனுக்கு வாங்கிய ஸ்கைப்பையும் அவர்களே 2025 மே மாதம் மூடினார்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் முகத்தை என் கடைக் கணினியில் ஸ்கைப்பில் கண்டு, திரையைத் தடவிய தாய்மாரைப் பார்த்தவன் நான். அதற்கு எந்தப் பங்குச் சந்தையில் விலை போடுவார்கள்?

இன்ஸ்டாகிராம் கொடுத்த விலைக்கு மேல் உழைத்துத் தந்தது, மறுக்கவில்லை. 13 பேர் வேலை செய்த நிறுவனத்தை 2012இல் ஒரு பில்லியனுக்கு பேஸ்புக் வாங்கியது. போட்டிக்கு வரக்கூடியவனை வளரமுன்பே வாங்கிப்போட்டால் இலாபம் வராமல் என்ன செய்யும்?

வாங்கும் நாளில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். நட்டமானால் உள்பக்க மூலையில் நாலு வரி. நொக்கியா கைமாறியபோதே இதை எழுதினேன், பிரசுரமாகவில்லை. ஞாயிறு இதழ் எங்கள் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகே வந்து சேர்வதைப் பற்றியும் எழுதினேன், பதில் இல்லை. கிழக்கிலிருந்து வரும் கடிதங்களை யாராவது பிரித்துப் பார்க்கிறார்களா, ஐயா?

நான் கேட்பது பெரிதல்ல. இனி இப்படியான கட்டுரை வரும்போது, முன்பு வாங்கியவை ஐந்து வருடத்தில் என்னவாயின என்று பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள். தொகையை ரூபாயிலும் தாருங்கள்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.