மூன்று பட்டமும் பன்னிரண்டு நூலும்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். உங்கள் பாடு எப்படி? போன மாதம் நீ போனில் "மூணையும் ஒண்டாக் கட்டினியா?" என்று கேட்டபோது நான் "பாப்பம், பாப்பம்" என்று கதையை மாற்றினேன், நினைவிருக்கிறதா? உண்மையில் நீ அனுப்பிய மூன்று பட்டத்தையும் அப்போதே இரண்டு தடவை கட்டித் தோற்றிருந்தேன். நாற்பது வருசம் கணக்குப் படிப்பித்தவனுக்கு நூல் அளக்கத் தெரியவில்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? போன சனிக்கிழமை மூன்றும் ஏறிவிட்டன. அதனால் கடிதம் வருகிறது.

உன் மகன் பறக்கவிட்டு அலுத்து மூலையில் போட்டவை என்றுதான் அனுப்பினாய். நீ ஒரு நாளும் கையில் பிடித்ததில்லை என்றும் சொன்னாய். பாவம் நீ. நாம் ஈர்க்கும் கோதுமை மாப் பசையும் வைத்துச் செய்த பட்டத்துக்கு ஒரு நூல், பட்டத்தை நூலோடு சேர்க்கும் ஒரு முச்சை, ஒரு வால். நீ அனுப்பியதற்கு வாலே இல்லை. இரண்டு கையிலும் இரண்டு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் மேல்நூல் ஒன்று, கீழ்நூல் ஒன்று. மேல்நூலை இழுத்தால் முன்னே போகும். கீழ்நூலை இழுத்தால் பின்னுக்கு வரும். ஒரு கையை இப்படியும் மறு கையை அப்படியும் பிடித்தால் நின்ற இடத்திலேயே கிறுகும். நாலையும் சமனாகப் பிடித்தால் ஆகாயத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். வாவிக்கரையில் நம் பட்டங்கள் எத்தனை தரம் குத்துக்கரணம் போட்டு விழுந்தன? "நில்லு, நில்லு" என்று நீ அதனோடு கதைப்பாய். இது சொன்னால் நிற்கிறது.

இந்த வகையை 1980களின் கடைசியில் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஹாட்ஸிக்கி என்ற அண்ணன் தம்பிமார் கொண்டுவந்தார்கள். ஆனால் நாலு நூலால் பட்டத்தை ஆட்டுவிக்கும் யோசனை பழையது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜோர்ஜ் போகொக் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பட்டத்தைக் கட்டி, நாலு நூலால் ஆட்டி, ஆள் ஏறும் வண்டியையே இழுக்க வைத்து, 1826இல் அதற்குக் காப்புரிமையும் எடுத்தார். தெருவில் சுங்கம் குதிரைக் கணக்கில்தான் வாங்குவார்களாம். இவர் வண்டியில் குதிரை இல்லை, எனவே சுங்கமும் இல்லை. வாத்தி மூளையைப் பார்த்தாயா! அதை வாசித்த பிறகுதான் எனக்கும் ரோசம் வந்தது.

சரி, தோற்ற கதை. மூன்றையும் ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்த வேண்டும். முச்சை முதலாவதற்கு மட்டும்தான். பின்னிரண்டும் முன்னதைச் சிறு நூல்களால் பிடித்துக்கொண்டு வரும். மேல் விளிம்பில் குறுக்கே போகும் நெற்றிக் கம்பின் இரு முனை, மேலிருந்து கீழாக நிற்கும் குத்துக் கம்புகள் அதைத் தொடும் இரண்டு இடம், குத்துக் கம்புகளின் அடி இரண்டு என்று ஆறு இடத்தில் கட்டினேன். இடைவெளி இரண்டு, ஆகவே பன்னிரண்டு நூல். ஒவ்வொன்றும் இரண்டரை அடி. பலகையில் இரண்டு ஆணி அடித்து, அதில் சுற்றி அளந்து, வெட்டி, இரு நுனியிலும் வளையம் போட்டேன். மேசையில் எல்லாம் ஒரே அளவு. கடற்கரையில் ஏறிய உடனே மூன்றும் சேர்ந்து இடப்பக்கம் கிறுகத் தொடங்கின. கையை எப்படிப் பிடித்தும் அடங்கவில்லை. பட்டத்தில் பிழை என்று நினைத்து முன்னதைப் பின்னுக்கு மாற்றினேன். மறுகாவும் அதே கிறுகல்.

அங்கே கரைவலை காய விட்டுக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். நூல்களை ஒவ்வொன்றாக விரலால் தட்டினார். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஒன்று தொய்ந்து கிடந்தது, பக்கத்தில் இருந்தது விறைப்பாக. "புதுக்கயிறு பொய் சொல்லும் சேர். முதல்ல நல்லா இழுத்துப்போட்டு மறுகா அளங்க" என்றார். அவ்வளவுதான். முடிச்சு இறுகும்போது ஒரு நூல் கூடவும் இன்னொன்று குறையவும் இழுபட்டிருக்கிறது. வித்தியாசம் அரை அங்குலம்கூட வராது. எட்டடிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் அது போதும், பின்பட்டம் முகத்தைத் திருப்பிக்கொள்ள. வீட்டுக்கு வந்து பன்னிரண்டையும் புதிதாகக் கட்டி, தூணில் மாட்டி உடம்புப் பாரத்தால் இழுத்து, அதற்குப் பிறகுதான் அளந்து முடிச்சை நகர்த்தினேன். மனிசி திண்ணையில் இருந்து பார்த்துச் சிரித்தாள்.

இரண்டாம் தோல்விக்குக் கச்சானைக் குற்றம் சொல்லலாம். உனக்கு மறந்திருக்கும், கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. வீடு, மரம், மதில் எல்லாவற்றிலும் மோதிச் சிதறித்தான் கரைக்கு வரும். ஒரு நிமிடம் செத்துக் கிடக்கும், அடுத்த நிமிடம் அறையும். ஒற்றைப் பட்டம் என்றால் நாலடி முன்னே நடந்து சமாளிக்கலாம். மூன்று என்றால் இழுவை மூன்று மடங்குக்குக் கிட்ட. அதோடு காற்று ஒன்றரை மடங்கானால் இழுவை இரண்டேகால் மடங்கு, வர்க்கக் கணக்கு. இதை எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதியிருப்பேன், அன்று தோள்மூட்டில் படித்தேன். ஒரு அறையில் முதலாவது பட்டத்தின் நெற்றிக் கம்பு "டக்" என்றது. காபன் கம்பு, நீளவாக்கில் பிளந்துவிட்டது. பின்னிரண்டின் பாரமும் அதன் தலையில்தானே விழுகிறது. முன்னதற்குத் தடித்த கம்பு, கடைசிக்கு மெல்லியது என்று போட்டிருக்க வேண்டும். நான் கைக்கு வந்தபடி போட்டிருந்தேன். நல்லவேளை நூல் அறவில்லை. அறுந்திருந்தால் மூன்றும் கடலுக்குள்.

அதனால் சனிக்கிழமை காத்திருந்தேன். மூன்று மணிக்குப் பிறகு கச்சான் தளர்ந்து கடற்காற்று வந்தது. மெதுவான, ஒரே சீரான காற்று. இங்கே கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலடியில், தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றேன். பேரன் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஈர மணலால் பாரம் வைத்தான். நூல் நாலும் ஒரே நீளமா என்று ஒரே முளையில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். மேல்நூலை ஒரு முடிச்சு நீட்டிவிட்டேன், கட்டுக்கடங்காமல் முன்னே பாயாதிருக்க. தலைகீழாக நிறுத்தி, கீழ்நூலை மட்டும் மெல்ல இழுத்தேன். முதலாவது எழும்பியது. ஒரு விநாடி கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது, படுத்திருந்த மாடு எழும்புகிற மாதிரி பகுதி பகுதியாக. பன்னிரண்டு நூலும் ஒன்றாக இறுகியபோது கையில் வந்த அந்தப் பாரம் இருக்கிறதே, மச்சான், அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒற்றைப் பட்டம் போலச் சுறுசுறுப்பாகத் திரும்பாது. கையை அசைத்தால் யோசித்துவிட்டுத்தான் திரும்பும், நம் வயதுக்கு அது நல்லது. ஆனால் திரும்பும்போது ஒன்றன் நிழல் அடுத்ததில் விழுந்து விலகுவதைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மணலுக்கு ஒரு முழம் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். சிறுவர்கள் அடியால் ஓடினார்கள். தங்கூசி என்ற நைலோன் நூலில் பட்டம் விட்ட ஒரு பொடியனைத் தூரப் போகச் சொல்லிக் கத்த வேண்டி வந்தது. என் பட்டத்து நூல் தன்னோடு தான் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வழுக்கும், ஆனால் வேறு நூல் உரசினால் அந்தச் சூட்டிலேயே உருகி அறும்.

இனி உன்னால் ஆக வேண்டியது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வருவேன் என்றாய். வரும்போது தடித்த காபன் கம்பு மூன்று துண்டு கொண்டுவா, ஒரு நெற்றிக்கு அவ்வளவும் வேண்டும். இப்போது கடைசிப் பட்டத்தின் கம்பைக் கழற்றி முன்னதற்குப் போட்டு, கடைசிக்கு ஏதோ ஒட்டுப்போட்டு ஓட்டுகிறேன். நூலும் 200 இறாத்தல் தாங்குகிறதாகப் பார். இருக்கிறது 90 இறாத்தல், மூன்றுக்கு அது காணாது. டொரொண்டோவில் கிடைக்காவிட்டால் மகனிடம் கேள், அவனுக்குத் தெரிந்திருக்கும்.

உன் அக்காவின் வளவு மாமரம் காற்றில் ஒரு கொப்பு முறிந்தது, வேறு சேதம் இல்லை. எனக்கு முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை.

இன்னொன்று. மூன்றாவது பட்டத்தின் வலது மூலை ஒரு விரற்கடை கிழிந்திருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று பேரன் என்னிடம் சத்தியம் வாங்கினான். நீயும் தெரியாத மாதிரி இரு.

அன்புடன்,
உன் மச்சான்