பெங்களூருக்கு முன் ஏற்காடு: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று இரவு உன் அம்மா போன் செய்தாள். டிப்ளமோ முடித்த பெண் ஏற்காட்டில் ஓர் இணைய நிறுவனத்துக்காகக் கம்பம் கம்பமாக ஒயர் இழுக்கப் போகிறாளாம். தாய்மாமன் என்ற முறையில் நான்தான் உனக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன். ஆனால் அக்கா எதிர்பார்க்கிற புத்தி இது அல்ல. அந்த வேலையை ஒப்புக்கொள். பெங்களூரு எங்கும் ஓடிவிடாது.

முதலில் பெங்களூரு விஷயத்தை முடித்துவிடுவோம். பணம் கட்டினால் மூன்று மாதப் பயிற்சி, வேலைக்கு உத்தரவாதம், கூடவே இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். பயிற்சி நன்றாகக்கூட இருக்கலாம். அந்தச் சான்றிதழ்தான் வினை. ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும் ஆளை எடுத்ததும் பழைய வேலையைச் சரிபார்க்கும். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணைப் பார்த்தால் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தாய், எப்போது விலகினாய் என்பதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வேலையே பார்க்காத நிறுவனத்தின் பெயர் அதில் எங்கிருந்து வரும்? எங்கள் குழுவுக்கு வந்த ஒரு பையன் நல்ல வேலைக்காரன். சேர்ந்த சில வாரங்களில் இந்தச் சரிபார்ப்பில் சிக்கினான். மதியச் சாப்பாட்டுக்கு முன் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். சான்றிதழ் விற்றவர் அதற்குப் பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை.

இனி ஏற்காடு.

நெட்வொர்க் வேலை என்றால் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் சம்பளம் கொடுப்பது அதற்காக அல்ல. கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதற்காக. ஒரு வலையமைப்பை ஒரு முறைதான் அமைக்கிறார்கள், பழுதோ தினமும் வருகிறது. அந்தத் தேடலைக் கற்றுக்கொள்ள மலையைப் போன்ற பள்ளிக்கூடம் கீழே இல்லை.

நாகலூர் பக்கம் ஒரு வீட்டில் மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று அழைப்பு வரும். அலுவலகத்தில் இருப்பவர் வழக்கம்போல ‘ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்’ என்பார். நீ ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரை எடுத்துக்கொண்டு போவாய். வீடுகளுக்கு ஃபைபர் கொடுக்கும் ஜிபான் முறையில் அலுவலகத்திலிருந்து 1490 நானோமீட்டர் ஒளி கிளம்புகிறது, வீட்டிலிருந்து 1310 நானோமீட்டரில் திரும்புகிறது. இரண்டும் ஒரே இழையில். வழியில் ஸ்பிளிட்டர் அந்த ஒளியை 32 வீடுகளுக்குப் பங்கு போடுகிறது என்று வைத்துக்கொள். இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒளி பாதியாகும், அதாவது 3 டெசிபல் குறையும். 32 ஆக்க ஐந்து முறை பிரிக்க வேண்டும். கணக்குப்படி 15 டெசிபல், நடைமுறையில் 17 வரை போய்விடும். வீட்டுப் பெட்டி, அதாவது அந்த மோடம், பொதுவாக மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும். டிபிஎம் என்பது ஒளியின் வலிமைக்கான அளவு; மைனஸ் எண் கூடக் கூட ஒளி மங்கல். மைனஸ் 27 என்பது ஒரு வாட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு, அவ்வளவுதான்.

மீட்டரில் மைனஸ் 21 வந்தால் இழையின் மேல் குற்றமில்லை, பெட்டியைச் சந்தேகப்படு. மைனஸ் 29 என்றால் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்கு. ஒன்றுமே வரவில்லை என்றால் அறுந்திருக்கிறது. அதே ஸ்பிளிட்டரில் இருக்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கும் இணைப்பு இல்லையா? அப்படியானால் தப்பு ஸ்பிளிட்டரிலோ அதற்கு முன்போ. இவருக்கு மட்டும்தான் என்றால் அதற்குப் பின். நான்கு கேள்விகளில் மலை முழுவதும் சுருங்கி ஒரு தெருவாகிவிட்டது, பார்த்தாயா?

அறுந்த இடத்தைக் காட்ட ஓடிடிஆர் என்று ஒரு கருவி உண்டு. இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை அளக்கும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் போய்வர 10 மைக்ரோநொடி. திரையில் 4.2 கிலோமீட்டர் என்று வந்து நிற்கும். புதிதாக வந்தவர் பைக்கில் சரியாக 4.2 கிலோமீட்டர் ஓட்டிப் போய், சில்வர் ஓக் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். கருவி சொல்வது இழையின் நீளத்தை, சாலையின் நீளத்தை அல்ல. சில கம்பங்களில் பத்து, இருபது மீட்டர் கேபிளைச் சுருட்டி லூப்பாகக் கட்டியிருப்பார்கள். சில இடங்களில் கேபிள் சாலையை விட்டு காப்பித் தோட்டத்துக்குள் குறுக்கே இறங்கி ஏறும். எங்கே லூப், எங்கே குறுக்கு வழி என்று கால்நடையாகத் தெரிந்துவைத்திருப்பவரால்தான் 4.2 என்ற எண்ணை ‘மூன்றாவது வளைவுக்கு மேலே, சாய்ந்த கம்பத்துக்குப் பக்கத்தில்’ என்று மாற்றிச் சொல்ல முடியும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை.

அந்த லூப் எதற்கு என்று உன் அம்மாவுக்குச் சொல். இழைகளை ஒட்டி வைத்திருக்கும் ஜாயின்ட் பெட்டியைக் கம்பத்தின் உச்சியில் தொங்கிக்கொண்டு திறக்க வேண்டியதில்லை. லூப்பை அவிழ்த்துப் பெட்டியைத் தரைக்கு இறக்கி, உட்கார்ந்துதான் ஸ்பிளைஸ் செய்ய வேண்டும், அதாவது இழைகளை ஒட்ட வேண்டும். மேற்பூச்சை உரித்தால் 125 மைக்ரான் கண்ணாடி. அதன் நடுவே ஒளி போகும் வழி 9 மைக்ரான்தான். ஆல்கஹாலால் துடைத்து, முனையை நேராக வெட்டி, இயந்திரத்தில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தால் அது மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் உன் அப்பா கொலுசுக் கண்ணிக்குப் பொடி வைத்து ஊதும்போது மூச்சை அடக்கிக்கொள்வாரே, அந்தக் கைதான் இதற்கும் வேண்டும். அது உனக்குப் பிறவியிலேயே இருக்கிறது. இழை முனைக்குள் மட்டும் ஒருபோதும் கண்ணை வைத்துப் பார்க்காதே. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். வெட்டிய கண்ணாடித் துணுக்குகளை டப்பாவில் போடு. அந்த இடத்தில் உட்கார்ந்து முறுக்கு கொறிக்காதே.

ஏணியே ஏற வேண்டியிருக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். ஏற வேண்டிவரும்; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சித்திரை, வைகாசி இடிமழையில் இன்னொரு பாடம் காத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு செம்புக் கேபிள் இழுத்திருக்கிற பழைய இடங்களில், இடி விழுந்த மறுநாள், பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளின் போர்ட்டுகள் வரிசையாகச் செத்துக் கிடக்கும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஃபைபர் தப்பிக்கும், ஆனால் பெட்டி தப்பிக்காது: மின்னல் அடாப்டர் வழியாக வந்துவிடும். எர்த்திங் பற்றிக் கல்லூரியில் ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்ததை அப்போதுதான் நிஜமாகப் படிப்பாய்.

மலைக்கு இரண்டு சாலைகள் இருப்பது உனக்குத் தெரியும்: அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஒன்று, குப்பனூர் வழியாக வருவது மற்றொன்று. மழையில் மண் சரிந்து ஒன்று அடைபட்டால் மற்றது கைகொடுக்கும். ஃபைபரும் இரண்டு வழியாக ஏறினால் நல்லது. ஆனால் இந்த ஸ்விட்சுகள் பேசிக்கொள்ளும் ஈதர்நெட் முறையில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு வழிகளையும் அப்படியே திறந்து வைத்தால் ஒரே செய்தி வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் முடக்கிவிடும். 1985-இல் அமெரிக்காவின் டிஇசி என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண் இதற்கு வழி கண்டார்: ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டம் உண்டாக்கும் பாதையைத் தாமே மூடிவைக்கும், மற்றது அறுந்தால் திறந்துகொள்ளும். ஸ்பேனிங் ட்ரீ என்று நீ மனப்பாடம் செய்தது அதைத்தான். பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால் அவர் பெயரைச் சொல்.

பெரிய நிறுவனங்களில் எல்லாம் தொலைவிலிருந்தே நடக்கும், கையால் செய்யும் வேலை எதற்கு என்று உன் அண்ணன் கேட்டானாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் நின்றுபோனதை அவனுக்கு ஞாபகப்படுத்து. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் மொத்த வலையமைப்பையும் துண்டித்துவிட்டது. தரவு மையத்தோடு தொடர்பு அறுந்ததும் தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர்கள், ‘எங்களை அடையும் வழி இது’ என்று இணையத்துக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்புகளைத் தாமே விலக்கிக்கொண்டன. இணையத்தின் வரைபடத்திலிருந்தே அந்த முகவரிகள் காணாமல் போயின. தொலைவிலிருந்து சரிசெய்யலாம் என்றால் அந்த வழியும் கூடவே படுத்துவிட்டது. கடைசியில் ஆட்களை நேரில் அனுப்பித்தான் சரிசெய்தார்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைத் தின்றுவிடும் என்கிறார்கள். நூறு ஸ்விட்சுகளில் ஒரே கட்டளையைத் தட்டுகிற வேலையை அது வருவதற்கு முன்பே பைத்தான் நிரல்மொழியும் ஆன்சிபில் என்ற தானியங்கிக் கருவியும் தின்றுவிட்டன. ஆகவே பைத்தான் கற்றுக்கொள். அதற்கு மேல் இதைப் பற்றிக் கவலைப்பட இப்போது உனக்கு நேரமில்லை.

மாலையில் படி. கணினிக்குள்ளேயே வலையமைப்பு கட்டிப் பழக சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம், வலையமைப்பில் ஓடும் தரவைப் பிரித்துப் பார்க்க வயர்ஷார்க் இலவசம். சப்நெட் கணக்கை, அதாவது வலையமைப்பு முகவரிகளைக் கூறு போடும் கணக்கை, காகிதத்தில் போட்டுப் பழகு: /26 என்றால் 64 முகவரிகள், பயன்படுவது 62 என்று கேட்ட மாத்திரத்தில் வாயில் வர வேண்டும். சிஸ்கோ நடத்தும் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கு அவசரப்படாதே. 120 நிமிடத் தேர்வு, கட்டணம் 300 டாலர், வரி தனி. தேறிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் அது செல்லும். இப்போதே எழுதினால் மலையில் இருக்கும் காலமெல்லாம் வீணாகத் தேய்ந்துகொண்டிருக்கும். இறங்குவதற்கு இரண்டு மாதம் முன்பு எழுது.

ஆம், இறங்கத்தான் வேண்டும். சம்பளம் குறைவு, ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்கு மேல் அங்கேயே இருந்தால் அதே இருபது பழுதுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டிருப்பாய். பிறகு சேலம் ஜாகீர் அம்மாபாளையத்து எல்காட் ஐ.டி. பூங்காவோ பெங்களூரோ, எங்கே நேர்முகத் தேர்வுக்குப் போனாலும் ‘இணைப்பு இல்லை என்று ஒருவர் சொல்கிறார், என்ன செய்வாய்?’ என்றுதான் தொடங்குவார்கள். மற்றவர்கள், எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ‘பிங்’ கட்டளையைச் சொல்வார்கள். நீ எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘அவருக்கு மட்டுமா, பக்கத்து வீட்டுக்கும் இல்லையா?’ என்று கேட்பாய்.

வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போகும்போது நீயும் சிலவற்றைக் கேள். மேலே வரும் ஃபைபர் ஒரு சாலை வழியாகவா, இரண்டு வழியாகவா? அது அறுந்தால் மலைமேல் இருக்கும் ரவுட்டரை எப்படித் தொடுகிறார்கள்? பி.எஃப். பிடிப்பார்களா, விபத்துக் காப்பீடு உண்டா? ஹெல்மெட், இடுப்புப் பெல்ட், காப்பிடப்பட்ட ஏணி மூன்றும் அவர்கள் செலவா? மின்வாரியக் கம்பத்தில் ஏறச் சொல்வார்களா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம், எல்லோரும் ஏறுகிறார்கள்’ என்று பதில் வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து இறங்கிவிடு; மலையில் இணைய நிறுவனம் அது ஒன்று மட்டும் அல்ல. மற்ற பதில்கள் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடு. உன் அப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா