இரண்டு தாய்மார்

ஆசிரியருக்கு வணக்கம்.

இஸ்ரேல், பாலஸ்தீனச் செய்தி என்றால் இறந்தவர்களின் எண்ணிக்கைதான் வருகிறது. பெற்றவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த இஸ்ரேலியத் தாய் ராபி டேமலின். 2002 மார்ச்சில், இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில், ஒரு சோதனைச் சாவடியில் அவருடைய மகன் டேவிட்டைப் பாலஸ்தீனர் ஒருவர் சுட்டுக் கொன்றார். செய்தி சொல்ல வீட்டுக்கு வந்த ராணுவத்தினரிடம், தன் பிள்ளையின் பெயரால் யாரையும் கொல்லக்கூடாது என்றார் அவர். வயிறு பற்றி எரியும் நேரத்தில் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது! சுட்டவர் பிடிபட்டதும் அவர் குடும்பத்துக்குக் கடிதமும் எழுதினார்.

அதே ஆண்டு ஏப்ரலில், மூச்சுத் திணறிய ஆறு மாதக் குழந்தையோடு மேற்குக் கரையின் பெத்லகேம் பகுதியைச் சேர்ந்த பாலஸ்தீனத் தாய் ஒருவர் மருத்துவமனைக்குப் புறப்பட்டார். இஸ்ரேலிய வீரர்கள் வழிமறித்து மணிக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். குழந்தை பிழைக்கவில்லை.

இந்த மோதலில் உறவுகளைப் பறிகொடுத்த இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் சேர்ந்திருக்கும், 1995இல் தொடங்கிய 'பெற்றோர் வட்டம்' அமைப்பில் இந்த இரு தாய்மாரும் சேர்ந்தார்கள். 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதில் இருக்கின்றன. இருவர் நிலையும் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் தாய்க்குச் சோதனைச் சாவடி இன்றும் வாசலில் நிற்கிறது. அப்படியிருந்தும் பக்கத்தில் உட்கார்ந்து, மாணவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் கதையைச் சொல்கிறார்கள்.

அந்தப் பேச்சைத் தமிழில் முழுமையாக வெளியிடுங்கள் ஐயா. என் மகனோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

– ஒரு வாசகி