கல்லீரல் மாற்றுக்கு எங்களைத் தயார்படுத்தியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

என் கணவருக்குக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, திண்டிவனம் திரும்பிவிட்டோம். ஆபரேஷன் செய்த டாக்டர்களுக்கு நேரிலேயே கைகூப்பிவிட்டு வந்தேன். ஆனால் அந்த மேசையில் படுக்கும் அளவுக்கு அவர் உடம்பில் தெம்பு இருந்ததே, அதற்குக் காரணமானவர்கள் பலர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதல் வணக்கம், யாரென்று எங்களுக்குத் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு. தங்கள் வீட்டுப் பிள்ளை மூளைச்சாவு அடைந்த வேளையிலும் இன்னொருவர் பிழைக்கட்டும் என்று கையெழுத்திட்டீர்கள். உங்கள் பெயரை எங்களிடம் சொல்ல மாட்டார்கள், அதுதான் முறை. உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்த மரியாதையோடு எங்கள் குடும்பத்தின் வணக்கமும் உங்களைச் சேரட்டும்.

என் கணவர் குடித்ததே இல்லை. சர்க்கரை நோயும் கல்லீரலில் சேர்ந்த கொழுப்பும் பல வருடமாகச் சத்தமில்லாமல் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்) வரை கொண்டுபோய் விட்டிருந்தன. "குடிச்சிருப்பாரு" என்று காதுபடப் பேசியவர்கள் உண்டு. குடித்து வந்த நோயாக இருந்தாலும் அந்தப் பேச்சு நியாயமில்லை. அப்போதெல்லாம் வாசலில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டிருந்த எதிர்வீட்டு ஐயாவை மறக்க மாட்டேன்.

அண்ணனுக்குத் தன் கல்லீரலில் பாதியைத் தருகிறேன் என்று என் கொழுந்தனார் உடனே வந்தார். பரிசோதனையில் அவருக்கும் கொழுப்பு அதிகம் என்று தெரிந்தது. ஆகாது என்றார்கள். அழுதார். தம்பி, நீங்கள் கொடுக்க வந்ததே எங்களுக்குப் பெரிது. அன்றிலிருந்து நடந்து நடந்து உங்கள் எடையைக் குறைத்தீர்களே, அதற்கும் சேர்த்து நன்றி.

இனி டயட்டீஷியன் மேடம். சிரோசிஸ் வந்தால் முட்டை, பருப்பு, பால் எதுவும் கூடாது என்று எத்தனை பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்! எங்கள் வீட்டிலும் கஞ்சியும் ரசமுமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் அவர் தோளைத் தொட்டுக் காட்டினீர்கள். வயிற்றில் நீர் கோர்த்து எடை ஏறுகிறது, ஆனால் தோளிலும் தொடையிலும் சதை கரைகிறது, சதை இல்லாத உடம்பு ஆபரேஷனைத் தாங்காது என்றீர்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்குப் போட்டு, அதை முட்டை வெள்ளைக்கரு, பாசிப்பயறு, தயிர், சுண்டல் என்று எங்கள் அடுப்படிக்குத் தகுந்தபடி மாற்றிக் கொடுத்தீர்கள். ராத்திரி படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும் என்பது எங்களுக்குப் புதிது. கெட்டுப்போன கல்லீரலால் இரவுக்கான சக்தியைச் சேமிக்க முடியாது, வெறும் வயிற்றில் விடிந்தால் உடம்பு தன் சதையையே தின்னும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். உப்பு அதிகமுள்ள ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் வீட்டை விட்டே அனுப்பினோம். அவருக்கு மட்டும் என்றில்லாமல் எல்லோருக்கும் ஒரே சமையல் என்று முடிவு செய்த என் மாமியாருக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

வார்டு சிஸ்டர் ஒருவர் சொல்லித் தந்ததை எல்லாக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தினமும் காலையில் ஒரு நோட்டில் அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்றார். கல்லீரல் நீக்காமல் விட்ட கழிவு, ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் குழப்பும்போது பேச்சு தடுமாறும் முன்பே கையெழுத்து கோணும், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார்கள். ஒருநாள் அப்படிக் கோணியது. உடனே கூட்டிக்கொண்டு போனோம், நேரத்தோடு சரி செய்துவிட்டார்கள். அந்தக் கழிவு வெளியேற, மலமிளக்கியான லாக்டுலோஸ் சிரப் கொடுத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை வெளிக்குப் போக வேண்டும், பயணத்துக்குப் பயந்து அதை நிறுத்தக் கூடாது என்றும் கூச்சமில்லாமல் சொல்லித் தந்தவர் அவர்தான்.

மூன்று பந்து வைத்த கருவியில் மூச்சை இழுக்கவும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவும் பழக்கிய பிசியோ தம்பிக்கு நன்றி. சொத்தைப் பற்களை முன்கூட்டியே எடுத்த பல் டாக்டருக்கும், வருமானச் சான்றை அலைய விடாமல் தந்த வி.ஏ.ஓ.வுக்கும் நன்றி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இல்லாவிட்டால் எங்களால் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இடுப்புவலிக்கு மாத்திரை கேட்டு ஆள் அனுப்பியபோது, "கல்லீரல் பேஷண்ட்டுக்கு இதெல்லாம் கிட்னியைக் கெடுக்கும், ரத்தக்கசிவு வரும், டாக்டரைக் கேட்காம தர மாட்டேன்" என்று திருப்பியனுப்பிய மருந்துக்கடை அண்ணனுக்கு இன்னொரு தடவை நன்றி.

மாற்று அறுவைச் சிகிச்சைக்கான ஏற்பாடுகளை ஒருங்கிணைத்த கோஆர்டினேட்டர் அக்கா, உங்களைப் பற்றி எழுதத்தான் எனக்குச் சிரமம். "அவரு சாப்பிட்டது இருக்கட்டும், நீ சாப்பிட்டியா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டீர்கள். கவனித்துக்கொள்ளும் ஆள் ஒருவரே என்றால் அவர் காய்ச்சலில் விழும் நாளில் என்ன செய்வது என்று கேட்டு, என் நாத்தனாரையும் வரவழைத்துப் பயிற்சி கொடுத்தீர்கள். புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தரும் டேக்ரோலிமஸ் மாத்திரை பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், அலாரம் வைத்து; ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில் காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும்; பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம். இதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே ஒத்திகை பார்க்க வைத்தீர்கள். பிறகு பதற்றத்தில் எதுவும் தலையில் ஏறாது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது.

கல்லீரல் கிடைத்திருக்கிறது என்று அழைப்பு வந்து நீங்கள் கிளம்பி வந்தாலும், எடுத்த கல்லீரல் சரியில்லை என்றால் உங்களைத் திருப்பி அனுப்புவோம், மனசு உடையக் கூடாது என்று நீங்கள் முன்பே சொல்லி வைத்தது எவ்வளவு உதவியது! எங்களுக்கு அப்படியே நடந்தது. நடுராத்திரியில் சென்னை போய், விடிந்ததும் திரும்பினோம். கார் ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பி டீசல் காசுகூட வாங்காமல், "அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் போயிடலாம்க்கா" என்றார். அடுத்த அழைப்புக்கும் அவர்தான் ஓட்டினார்.

நாங்கள் மாதக்கணக்கில் சென்னையில் தங்கியிருந்தபோது, வீட்டுச் சுவரின் ஈரத்தைப் போக்கி வெள்ளையடித்து, கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றி, பையனைப் பள்ளிக்கு அனுப்பிவைத்த எங்கள் தெருக்காரர்களே, தொற்று வரக் கூடாதென்று இன்றைக்கும் வாசலோடு நின்று நலம் விசாரித்துப் போகிறீர்கள். அதற்காக நாங்கள் வருத்தப்படவில்லை, சந்தோஷப்படுகிறோம்.

பட்டியலில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு மருத்துவமனையில் நடக்கும் கூட்டத்தில் எங்களைப் பேசச் சொல்லிக் கோஆர்டினேட்டர் அக்கா கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் அனுமதித்ததும் இருவரும் வருகிறோம். அந்தக் கையெழுத்து நோட்டையும் எடுத்து வருகிறேன் அக்கா.

அன்புடன்,
திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பம்