எண்ணெய்க்கும் ஓர் ஆரம்பக் கூட்டம் வையுங்கள்

போரதீவுப்பற்று பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும் படுவான்கரை விவசாயி ஒருவனின் வணக்கம். எண்ணெய், அதாவது டீசல் போன்ற எரிபொருள், தட்டுப்பட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேச ஒரு கூட்டம் கேட்டு எழுதுகிறேன்.

2022 சிறுபோகம். ஆடி மாதம், என் வயல் விளைந்து கதிர் தலைசாய்ந்து நின்றது. வெட்டு மெசின்காரரிடம் போனால், "டீசல் இருந்தா வாறன்" என்றார். கானோடு எண்ணெய் செட்டுக்குப் (எரிபொருள் நிலையத்துக்கு) போனேன். கானுக்கு அடிக்க மாட்டோம், கமநல சேவை நிலையத்தில் துண்டு வாங்கி வா என்றார்கள். துண்டு கிடைத்த அன்று செட்டில் டீசல் இல்லை. மெசின் வயலில் இறங்க ஒன்பது நாள் சென்றது. அதற்குள் கதிரைக் கையில் பிடித்தாலே மணி பொலபொலவென்று உதிரத் தொடங்கிவிட்டது. வெட்டி முடித்துப் பார்த்தால் கால்வாசி நெல் நிலத்தில் கிடந்தது.

அதற்கு முந்திய வருஷம் வேறு கூத்து. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். யூரியாவும் எண்ணெய்க்கு உறவுக்காரன்தான். பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்துதான் செய்கிறார்கள். அதைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பதிலுக்குக் கொம்போஸ்ட் எங்கிருந்து, எவ்வளவு, யார் தருவது என்ற கணக்கே இல்லாமல் செய்தார்கள். விளைச்சல் விழுந்தது.

கணக்குப் போடத் தெரியாத ஆட்களா நாம்? நவகிரிக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எந்தக் கண்டம் (வயல் தொகுதி) செய்வது, வாய்க்கால் துப்புரவு எப்போது, மாடுகளை எந்தத் திகதிக்குள் அப்புறப்படுத்துவது என்று ஒவ்வொரு போகமும் ஆரம்பக் கூட்டத்தில் பேசி முடிவெடுக்கிறோம். சண்டையும் வரும், சரி. ஆனால் முடிவானபின் தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கிற வட்டவிதானை சொன்னால் சொன்னதுதான். அந்தக் கூட்டம் வைப்பது உங்கள் வேலையல்ல, தெரியும். எண்ணெய்க்கு அப்படியொரு கூட்டத்தை நீங்கள் வைக்கலாம் அல்லவா?

முதலில் ஒரு கேள்வி: இரண்டு கிழமை டீசல் வராவிட்டால் எது எது கட்டாயம் ஓட வேண்டும்? தண்ணீர் பவுசர், களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்புலன்ஸ், மண்டூர்த் துறையில் வாவி கடக்கிற பாதைப் படகு, வெட்டு மெசின். ஒவ்வொன்றுக்கும் எத்தனை லீட்டர் என்று இப்போதே எழுதி வைக்கலாம். அப்புறம் குறைக்கிற பேச்சு. வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மக்கவிட்டு, ஒரு கண்டத்தில் மட்டும் யூரியாவைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். பிழையாகப் போனாலும் ஒரு கண்டத்தோடு போகும்.

சோலார் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கூரையில் பூட்டிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். லைனுக்கு மின்சாரம் கொடுக்கிற சாதாரண சோலார், லைன் செத்தால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக் கூடாதென்று அப்படி வைத்திருக்கிறார்கள். பற்றரி இல்லையென்றால், மாரி வெள்ளத்தில் கரண்ட் போன இரவில் அந்தக் கூரையால் ஒரு போனையும் சார்ஜ் பண்ண முடியாது. எல்லா வீட்டுக்கும் நான் கேட்கவில்லை. வெள்ளத்துக்குச் சனம் ஒதுங்குகிற பாடசாலைகளில் பற்றரியோடு ஒரு சின்ன சோலார் இருந்தால், வெளிச்சத்துக்கும் போனுக்கும் வயதானவர்களின் இன்சுலினைக் குளிரில் வைக்கவும் உதவும்.

இப்போதைக்குப் பாதீட்டில் ஒரு சதமும் வேண்டாம். பெரும்போகக் கூட்டம் முடிந்த அடுத்த கிழமையில் ஒரு நாளைக் குறித்து மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். தேத்தண்ணி எங்கள் செலவு.