வீட்டுச் சுவருக்கும் விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினாலே மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல்லும் அறிவுரைகள் வருகின்றன. அது நல்லதுதான், ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அதன் பலன் மேல்தளத்தாருக்கே பெரிதும் கிடைக்கிறது. இடைத்தளங்களில் வசிப்பவர்களுக்கு வெப்பம் வருவது சுவர், சன்னல் வழியாக. சென்னையில் மேற்குப் பார்த்த படுக்கையறைச் சுவரில் இரவு பத்து மணிக்குக் கை வைத்தாலும் சூடு தெரியும். அலுமினிய அச்சில் வார்க்கும் 6 அங்குலக் கான்கிரீட் சுவர் என்றால் இன்னும் மோசம். கான்கிரீட் செங்கல்லைவிட ஏறத்தாழ இரு மடங்கும், ஏஏசி பிளாக் எனப்படும், நுண்ணிய காற்றுத் துளைகள் நிறைந்த இலகு கல்லைவிடப் பல மடங்கும் வெப்பத்தைக் கடத்தும்.

அதற்காக எல்லாச் சுவரையும் ஏஏசி பிளாக்கில் கட்டுவதும் தீர்வாகாது. வெப்பத்தைத் தடுப்பது கல்லுக்குள் உள்ள காற்று. ஒலியைத் தடுப்பதோ சுவரின் எடை. எடை இரட்டித்தால் சுமார் 5 டெசிபல் கூடுதலாகத் தடுக்கலாம். இரு வீடுகளுக்கு இடையிலான பொதுச்சுவரை 4 அங்குல இலகு கல்லில் எழுப்பிவிட்டு, அதன் இருபுறமும் ஒரே இடத்தில் குடைந்து சுவிட்ச் பாக்ஸ் பதித்து, உத்தரத்துக்கு அடியில் உள்ள இடைவெளியைக் கலவையால் இறுக்காமல் மேல்பூச்சில் மறைத்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பேச்சு வார்த்தை வார்த்தையாகக் கேட்கத்தான் செய்யும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குபவர்களும் படும் அவதி சிறிதல்ல. இத்தனைக்கும் பாக்ஸைத் தள்ளிப் பதிக்கவும் இடைவெளியை அடைக்கவும் ஆகும் செலவு மிகக் குறைவு.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018-இல் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, சென்னை போன்ற வெப்பப் பகுதிகளில் கூரை நீங்கலாக வெளிச்சுவரும் சன்னலும் உள்ளே விடும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என வரம்பு வைத்துள்ளது. இதை வீடு வாங்குபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? விளம்பரக் கையேட்டில் டைல்ஸ், குழாய் நிறுவனங்களின் பெயர்கள்தாம் பளிச்சிடுகின்றன.

எனவே தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமம், ஒவ்வொரு திட்டத்தின் பதிவிலும் வெளிச்சுவர், பொதுச்சுவர் இரண்டின் பொருள், கனம், வெப்பம் கடத்தும் அளவு, ஒலித்தடுப்பு அளவு ஆகியவற்றைத் தமிழில் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே அந்த விவரம் வாங்குபவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அடுக்ககக் குடியிருப்பாளர் ஒருவர்,
சென்னை.